ஓரவஞ்சனையை எந்தத் தராசில் நிறுப்பது?

சில வருஷங்களுக்கு முன்னால், மகளின் படிப்புக்காகப் பாலக்காடு டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். கேட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்த ஒரு நம்பருக்கு மத்தியானம் போன் போட்டேன். என் மலையாளம் மோசமில்லை. ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் தமிழ் எட்டிப் பார்த்துவிடும். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "வீடு கொடுத்து போயல்லோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அரைமணி நேரம் கழித்து, ஒற்றப்பாலத்தில் படித்த என் மச்சினன் அதே நம்பரில் பேசினான். "ஒழிஞ்ஞு கிடக்குகயாணு, வைகுந்நேரம் வந்நு கண்டோளூ" என்று அதே குரல். காலியாகத்தான் கிடக்கிறது, சாயந்திரம் வந்து பாருங்கள் என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டு, "பாத்தீங்களா மாமா?" என்றான்.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால் கணக்கு வேறு மாதிரியும் வருகிறது. நான் பேசியபோது யாரோ அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியிருக்கலாம். அரைமணியில் அந்த ஆள் பின்வாங்கியிருக்கலாம். அல்லது வீட்டுக்காரருக்குத் தமிழர் என்றால் ஆகாது. அல்லது, இதுதான் சிக்கலான சாத்தியம், அவருக்குத் தமிழர்மேல் ஒரு கோபமும் கிடையாது. கேட்டால் கோவிலில் சத்தியம் செய்து சொல்வார். ஆனாலும் அந்த ஒரு நொடியில் அவருக்கே தெரியாமல் எதுவோ சாய்ந்துவிட்டது. இந்த மூன்றில் எது நடந்தது என்று ஒரு போன்காலை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

மூன்றாவதற்கு உளவியலில் வைத்திருக்கும் பெயரை நம் பத்திரிகைகள் 'ஆழ்மனச் சாய்வு' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. ஆழ்மனம் என்றதும் பிராய்டும் சாய்வு நாற்காலியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டில் நாம் சொல்கிற ஓரவஞ்சனையே போதும். ஒரு பிள்ளைக்குக் கறித்துண்டும் இன்னொன்றுக்குக் குழம்பும் விழும்போது, பரிமாறுகிற பாட்டிக்குத் தான் அப்படிச் செய்வது தெரியவே தெரியாது. கேட்டால், "எனக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுதான்" என்பாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறாள். அப்படியென்றால் அவளைக் கேட்காமல் அதை அளப்பது எப்படி?

கேட்டு அளப்பதில் என்ன கோளாறு என்பதை 1934லேயே ரிச்சர்ட் லாபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் காட்டிவிட்டார். சீனர்மேல் அங்கே வெறுப்பு தாராளமாக இருந்த காலம். ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கக் காரில் சுற்றினார். தங்குமிடம், உணவகம் என்று 251 இடங்களில் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் வெளியே போகச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, 'சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'மாட்டோம்'. இங்கே வாய் சொன்னது கெட்டது, கை செய்தது நல்லது. என் வீட்டுக்காரர் விஷயத்தில் அது தலைகீழாக இருக்கலாம். எப்படியானாலும் வாயும் கையும் ஒரே திசையில் போவதாக நம்பி அளவெடுக்க முடியாது என்பது அன்றே தெரிந்துபோனது.

எங்கள் பக்கத்துக்கு நெருக்கமான சோதனை ஒன்று உண்டு. எல்லையில் பிறந்த யாருக்கும் அது உடனே புரியும்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் வீட்டுப்பேச்சு தமிழ். தமிழ்வழிப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன, நான் அப்படி ஒன்றில்தான் வாத்தியார். சித்தூர் அந்தக் காலத்தில் கொச்சி ராஜ்யம். பக்கத்துப் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. 1956 நவம்பர் 1ஆம் தேதி இரண்டும் கேரளம் ஆயின. ரேஷன் கார்டு மலையாளத்தில், கல்யாணப் பத்திரிகை தமிழில். ஆகவே இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு குரல். பொள்ளாச்சிச் சந்தையில் ஒன்று, தாலுகா ஆபீஸில் ஒன்று. எந்தக் குரலை எடுத்தால் எந்த மேஜையில் காரியம் சீக்கிரம் முடியும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

இதையேதான் வாலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர் மாண்ட்ரியலில் சோதனையாக்கினார். கனடாவின் அந்த நகரத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் உரசிக்கொண்டு வாழ்கின்றன. இரண்டையும் பிசிறில்லாமல் பேசுகிற நாலு பேரைப் பிடித்தார். ஒரே பத்தியை ஒருமுறை ஆங்கிலத்திலும் ஒருமுறை பிரெஞ்சிலும் வாசிக்க வைத்து ஒலிப்பதிவு செய்தார். கேட்கிற மாணவர்களுக்கு அவை வெவ்வேறு ஆட்களின் குரல்கள் என்றுதான் எண்ணம். குரலை மட்டும் வைத்து ஆளை மதிப்பிடச் சொன்னார். அறிவு, நம்பகம், அன்பு, தலைமை, நகைச்சுவை, அழகு, உயரம் என்று 14 குணங்கள். உயரம்கூட! குரலைக் கேட்டு உயரம் சொல்லவேண்டும்.

1960இல் வெளியான முடிவு இது. ஆங்கிலம் பேசும் மாணவர்கள் 14இல் ஏழு குணங்களில் ஆங்கிலக் குரலுக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். சரி, தன் பிள்ளை பொன்பிள்ளை. ஆனால் பிரெஞ்சு மாணவர்கள்? பத்துக் குணங்களில் ஆங்கிலக் குரலுக்கே போட்டார்கள். அதே ஆள், அதே தொண்டை, ஆங்கிலத்தில் வாசித்தபோது உயரமானவனாகவும் புத்திசாலியாகவும் நம்பத்தக்கவனாகவும் அவர்களுக்குக் கேட்டது. தங்கள் மொழிக் குரலுக்கு அவர்கள் மிச்சம் வைத்தது அன்பு, பக்தி மாதிரியான சிலவற்றைத்தான். 'நம்மாளு பாவம் நல்லவன், ஆனா...' என்கிற அந்த 'ஆனா'வை லாம்பர்ட் எண்ணாக மாற்றிவிட்டார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வீட்டுக்காரர் இல்லை, நானேதான். ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் தமிழில் கெஞ்சுகிற கிழவரைப் பார்த்து எனக்குள் ஒரு சலிப்பு வரும். அதே வரிசையில் நிறுத்தி நிதானமாக மலையாளம் பேசுகிறவரைப் பார்த்தால் வராது. கிழவர் என் சாதிசனம். சாய்வு எப்போதும் எதிர்த் திசையிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

ஒரு சோதனையாகவும் லாம்பர்ட்டின் வழியில் நேர்மை இருக்கிறது. எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் மாறுகிறது. மாறியதன் விலை என்ன என்று பார்க்கிறோம். யாருடைய மனதுக்குள்ளும் புகுந்து பார்த்ததாகச் சொல்லவில்லை.

மனதுக்குள் புகுந்து பார்ப்பதாகப் பேரெடுத்தது அடுத்த தலைமுறைச் சோதனை. 1995இல் ஆன்டனி கிரீன்வால்ட், மஹ்சரின் பனாஜி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். பனாஜி செகந்திராபாத்தில் பிறந்து, ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்தவர். பின்னால் ஹார்வர்டில் பேராசிரியர். மனிதர் தாங்கள் சொல்லத் தெரியாத, சில சமயம் தங்களுக்கே தெரியாத மனப்பாங்குகளோடு நடந்துகொள்கிறார்கள், அவற்றைக் கேள்வித்தாளால் பிடிக்க முடியாது என்பது அந்தக் கட்டுரையின் வாதம். மூன்று வருஷம் கழித்து 1998இல் கிரீன்வால்ட், மெக்கீ, ஷ்வார்ட்ஸ் மூவரும் அளவுகோலையே செய்துவிட்டார்கள். ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ஐ.ஏ.டி. என்பார்கள், உள்ளிணைப்புச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம். அதே வருஷம் பிரையன் நோசெக்கும் சேர்ந்து அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை உட்காரவைத்துச் செய்தேன். பழைய நோட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து, சிலவற்றில் மல்லிகை, தாமரை, செம்பருத்தி என்று பூக்கள். சிலவற்றில் கரப்பான், கொசு, மூட்டைப்பூச்சி. இன்னும் சிலவற்றில் நல்ல சொற்கள்: சிரிப்பு, இனிப்பு, அன்பு. மிச்சத்தில் விஷம், வலி, நாற்றம். எல்லாவற்றையும் கலைத்துக் கொடுத்து, 'பூவும் நல்ல சொல்லும் இடது பக்கம், பூச்சியும் கெட்ட சொல்லும் வலது பக்கம்' என்றேன். செல்போனில் நேரம் ஓடியது. சீட்டாடுகிற வேகத்தில் போட்டு முடித்தாள். மறுபடி கலைத்து, 'இப்போ பூச்சியும் நல்ல சொல்லும் இடது, பூவும் கெட்ட சொல்லும் வலது.' கை தடுமாறியது. மூட்டைப்பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். "மாமா, இது மண்டைய பிடிக்குது" என்றாள்.

அந்தத் தடுமாற்றம்தான் அளவு. மனதில் ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கும் இரண்டை ஒரே பக்கம் போடுவது சுலபம். ஒட்டாததை ஒட்டவைக்க நேரம் பிடிக்கும். கணினியில் துண்டுச்சீட்டுக்குப் பதிலாக இரண்டு விசைகள், ஏழு சுற்றுகள், ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை மில்லிநொடி என்று குறித்துக்கொள்ளும். 'இணக்கமான' சுற்றின் சராசரிக்கும் 'இணங்காத' சுற்றின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த ஆளின் வேகம் பொதுவாக எவ்வளவு மேலும் கீழும் ஆடுகிறது என்பதால் வகுப்பார்கள். இயல்பிலேயே நிதானமான ஆளும் பரபரப்பான ஆளும் ஒரே தட்டில் நிற்கவேண்டும் அல்லவா, அதற்காக. வருகிற எண் 0.15ஐத் தாண்டினால் லேசான சாய்வு, 0.35க்கு மேல் நடுத்தரம், 0.65க்கு மேல் பலமானது. பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் 300 மில்லிநொடிக்குள் வந்திருந்தால், யாரோ கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டியிருக்கிறார்கள் என்று அந்த ஆளையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பூவும் பூச்சியும் 1998 கட்டுரையிலேயே இருந்த ஜோடிதான். உலகத்தைப் புரட்டிப் போட்டது அதிலிருந்த இன்னொரு ஜோடி: வெள்ளையர் பெயர்கள், கறுப்பர் பெயர்கள். தனக்கு நிறவேற்றுமை கிடையாது என்று எழுதிக்கொடுத்த வெள்ளை மாணவர்களில் பெரும்பாலோருக்கும் விசைப்பலகையில் தடுமாற்றம் தெரிந்தது.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆர்வக்கோளாறு. பூக்களை எடுத்துவிட்டு முருகேசன், கருப்பசாமி, செல்வி என்று எழுதினேன். பூச்சிகளுக்குப் பதில் உண்ணிகிருஷ்ணன், பிஜு, பிந்து. மருமகள் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எதுக்கு மாமா இது?" அவளுடைய உயிர்த்தோழி பெயர் பிந்து. இருந்தும் விளையாடினாள். இரண்டு சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆஹா, எங்கள் வீட்டுப்பெண் பரிசுத்தம் என்று மகிழ்ந்தேனா? கொஞ்சம். பிறகுதான் உறைத்தது: அதற்குள் அவளுக்கு ஆட்டம் பழகிவிட்டது. எந்தச் சுற்று முதலில் வருகிறது, கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதெல்லாம் எண்ணை அசைக்கும். அதனால்தான் நிஜச் சோதனையில் சிலருக்கு முதல் வரிசையும் சிலருக்கு மாற்று வரிசையுமாகக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் தராசையே சந்தேகிக்கவேண்டிய இடம் வருகிறது. எல்லையிலிருக்கும் வாளையாரில் 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. அந்த வரிசையில் நின்ற எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்: ஒரே லோடை இரண்டு எடைமேடையில் ஏற்றி இரண்டு எடை வந்தால் சண்டை லோடோடு இல்லை, மேடையோடு. ஐ.ஏ.டி.யிலும் அதுதான் நடக்கிறது. ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு சுமார் 0.5. இரண்டும் முழுக்கச் சேர்ந்தே போனால் அது 1, தொடர்பே இல்லையென்றால் 0. இன்றைக்கு 'பலமான சாய்வு' என்று சீட்டு வாங்கியவர் அடுத்த மாதம் 'லேசான சாய்வு' என்று வாங்கலாம். ஒருவரின் உயரத்தை இப்படி அளந்தால் அந்த டேப்பைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

இன்னொரு கேள்வி அதைவிடப் பெரியது. விசையில் தடுமாறியவர் நிஜத்தில் ஓரவஞ்சனை செய்கிறாரா? 2009இல் கிரீன்வால்ட் குழு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்து, சோதனை எண்ணுக்கும் நடத்தைக்கும் ஒட்டுறவு 0.27 என்றது. 2013இல் பிரெட் ஆஸ்வால்டும் கூட்டாளிகளும் இனம் சார்ந்த ஆய்வுகளைத் தங்கள் முறையில் தொகுத்தபோது அது 0.15க்குப் பக்கம் இறங்கியது. 0.15 என்றால், நடத்தையில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 2 சதவீதத்தைத்தான் இந்த எண் விளக்குகிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரையோ மேனேஜரையோ 'நீ இப்படிப்பட்டவன்' என்று முத்திரை குத்துவது அநியாயம். சோதனையைச் செய்தவர்களே 2015இல் தனி ஆளைத் தரம்பிரிக்க இது உதவாது என்று எழுதினார்கள். கூடவே, லட்சக்கணக்கான முடிவுகளில் சின்னச் சாய்வு சேர்ந்து பெரிய அநீதியாகும் என்றார்கள். அதுவும் சரிதான். ஒரு மூட்டைக்கு நூறு கிராம் குறைந்தால் யாருக்கும் தெரியாது, மில்லுக்குத் தெரியும்.

எனக்கு இதிலெல்லாம் ருசியான செய்தி வேறு. 2010இல் இரண்டு ஆய்வுகள் இருமொழிக்காரரை எடுத்துக்கொண்டன. மொராக்கோவில் அரபும் பிரெஞ்சும் தெரிந்தவர்களுக்கு இதே வகைச் சோதனையை இரண்டு மொழியிலும் கொடுத்தார்கள். அரபில் எழுதியபோது மொராக்கோப் பெயர்களை நோக்கிய சாய்வு கூடியது; பிரெஞ்சில் எழுதியபோது குறைந்தது. இஸ்ரேலில் அரபும் ஹீப்ருவும் பேசும் அரபு மாணவர்களிடமும் இதே போக்கு. ஒரே மண்டை, ஒரே வாரம், மொழியை மாற்றினால் 'ஆழ்மனம்' மாறிவிடுகிறது. அப்படியென்றால் அது எவ்வளவு ஆழம்?

காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் தமிழில் யோசித்துக்கொண்டு போகிற நானும், சாயந்திரம் சித்தூர் தாலுகா ஆபீஸில் மலையாளத்தில் காத்திருக்கிற நானும் ஒரே சோதனையில் ஒரே எண்ணை வாங்கமாட்டோம் என்று இதைப் படித்தபிறகு நிச்சயமாக நம்புகிறேன். பொள்ளாச்சி டீக்கடையில் 'கொலையாளியை நம்பினாலும் மலையாளியை நம்பாதே' என்று யாராவது சொன்னால் பெஞ்சே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழரைக் குறிக்க 'பாண்டி' என்று ஒரு சொல் காதில் விழும். அதைச் சொல்கிறவர் பாதி நேரம் திட்டுவதாகக்கூட நினைக்கமாட்டார். இரண்டையும் நான் தேர்ந்தெடுத்து மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எச்சில் மாதிரி வாயிலேயே ஊறிக்கிடக்கின்றன.

2017இல் கீத் பெய்னும் கூட்டாளிகளும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடை சொன்னார்கள். ஆளை அளந்தால் எண் ஆடுகிறது; ஆனால் ஓர் ஊரையோ மாவட்டத்தையோ மொத்தமாக அளந்தால் சராசரி வருஷாவருஷம் அப்படியே நிற்கிறது. ஆகவே இந்தச் சோதனை அளப்பது ஆளின் குணத்தை அல்ல, ஆள் நிற்கிற இடத்தை என்கிறார்கள். தேரோட்டத்தில் கூட்டம் வலது பக்கம் ஒதுங்கும்போது நாமும் ஒதுங்குகிறோம். அது நம் விருப்பமும் இல்லை, நம் குணமும் இல்லை. 2019இல் அதே பெய்ன் குழு இன்னொன்றும் காட்டியது. அமெரிக்காவில் 1860ஆம் வருஷக் கணக்கெடுப்பில் எந்தெந்த மாவட்டங்களில் அடிமைகளின் விகிதம் அதிகமாக இருந்ததோ, அங்கெல்லாம் இன்றைய வெள்ளையரின் சோதனை எண்ணும் அதிகமாகச் சாய்கிறது. இன்றைக்கு விசையைத் தட்டுகிறவர் அடிமையை வைத்திருந்தவர் இல்லை. ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

எங்கள் தாலுகாவுக்கும் ஞாபகம் உண்டு. சித்தூர் பகவதி கோவிலில் கும்ப மாதத்தில், நம் மாசியில், கொங்கன்படை என்று ஒரு திருவிழா. படையெடுத்து வந்த கொங்குநாட்டுச் சேனையை பகவதி துணையோடு ஊர் விரட்டியடித்த ஐதீகத்தை வருஷம் தவறாமல் நடத்திக்காட்டுகிறார்கள். அதைப் பார்க்கக் கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம், பொரி வாங்கித் தருகிறோம். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. 'கொங்கன்' என்ற சொல்லோடு 'படை' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. மருமகளின் துண்டுச்சீட்டு ஆட்டம் அளக்கிறது என்றால் இந்த ஒட்டுதலைத்தான்.

என் வீட்டு விஷயத்துக்கு எந்தத் தராசு? விசைப்பலகை இல்லை. அதற்கு மச்சினன் செய்ததே சரியான வழி, ஆனால் ஒருமுறை செய்தால் போதாது. ஆயிரம் முறை செய்யவேண்டும், யார் முதலில் போன் போடுவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்கவேண்டும். பொருளாதாரக்காரர்கள் வேலை விண்ணப்பங்களை வைத்து அப்படியே செய்தார்கள். பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்கள், தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது என்று 2004இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 'தமிழ்நாட்டில் அதெல்லாம் இல்லை, நாங்கள்தான் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே' என்று சொல்பவர்களுக்காக: ஸஹ்ரா சித்திக் 2011இல் வெளியிட்ட ஆய்வு சென்னையில் நடந்தது. அதே எண்ணிக்கை அழைப்புகளைப் பெற, கீழ்ச்சாதிப் பெயர்க்காரர் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் விண்ணப்பங்கள் அனுப்பவேண்டியிருந்தது.

விண்ணப்பத்தைத் தள்ளிய அதிகாரி தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று இந்தச் சோதனைமுறை சொல்லாது. அதுதான் இதன் குறை. ஆனால் வீடு இல்லை என்ற வீட்டுக்காரர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது வெயிலில் நிற்கிற எனக்கு எத்தனை தூரம் முக்கியம்?

சரி, அளந்தாயிற்று, குறைக்க முடியுமா? 2018 மே 29ஆம் தேதி ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 8,000 கடைகளுக்கு மேல் ஒரு மதியம் மூடிவிட்டு ஊழியர்களுக்கு இதில் வகுப்பெடுத்தது. வகுப்புகளால் என்ன ஆகும் என்பதற்கு அப்போதே விடை இருந்தது. 2016இல் கால்வின் லாய் தலைமையிலான குழு, ஒன்பது வகைப் பயிற்சிகளை 6,321 பேரிடம் செய்து பார்த்தது. எண் உடனே குறைந்தது. சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் பழைய இடத்துக்கே திரும்பியது. 2019இல் 492 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தபோது, எண் குறைந்த இடத்திலும் நடத்தை கூடவே மாறவில்லை என்று தெரிந்தது. ஊரின் காற்று அப்படியே இருக்க, ஆளை மட்டும் ஒரு மதியம் குளிப்பாட்டினால் இப்படித்தான்.

காற்று மாறினால்? மேற்கு வங்கத்தின் பீர்பும் மாவட்டத்தில் இதற்கு அருமையான ஓர் இயற்கைச் சோதனை கிடைத்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் பெண்களுக்கான ஒதுக்கீடு எந்த ஊருக்கு என்பது குலுக்கல் மாதிரி விழுந்தது. லோரி பீமன், எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட குழு ஊர்க்காரர்களுக்கு ஒரு தலைவரின் பேச்சைப் போட்டுக் காட்டியது. ஒரே பேச்சு, சிலருக்கு ஆண் குரலில், சிலருக்குப் பெண் குரலில். லாம்பர்ட்டின் மாண்ட்ரியல், வங்காளத்து மரத்தடிக்கு வந்துவிட்டது. கூடவே ஐ.ஏ.டி.யும் செய்தார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. 'பெண் என்றால் வீடு' என்ற ஒட்டுதலும் ஆண்களிடம் தளர்ந்திருந்தது. ஆனால், 2009இல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த நேர்மையான வரி இதுதான், 'தலைவர் ஆணாக இருந்தால் பிடிக்கும்' என்ற விருப்பம் மட்டும் அசையவில்லை. பிடிக்காமலேயே ஒப்புக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஜனநாயகத்துக்கு அது போதும் என்று தோன்றுகிறது.

வாத்தியார் என்பதால் இன்னோர் ஆய்வையும் சொல்லாமல் விடமுடியாது. ரெமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 'கீழ்ச்சாதி' என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. அதிகமில்லை, ஆனால் அளக்கக்கூடிய அளவு. விடைத்தாள் கட்டில் முதலில் வந்த தாள்களில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. திருத்தத் திருத்தத் தரம் கைக்குப் பிடிபட்டதும் மங்கியது. குறைத்துப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் யார் என்று பார்த்தால், அதே கீழ்ச்சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். மாண்ட்ரியல் பிரெஞ்சு மாணவர்கள் மறுபடியும்.

பொதுத்தேர்வில் பெயருக்குப் பதில் எண்தான் போகிறது. வகுப்புத் தேர்வில் அப்படி இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து பெயர் எழுதிய மூலையை மடித்து ஸ்டேப்லர் அடித்துவிட்டுத்தான் திருத்துகிறேன். முதல் ஐந்து தாளைத் திருத்தி முடித்து, கடைசியில் மறுபடியும் ஒருமுறை பார்க்கிறேன். பிள்ளைகள், "சாருக்கு என்னாச்சுங்க?" என்று சிரிக்கிறார்கள்.

மூலை மடிந்துவிடுகிறது. ஆனால் அங்கன்வாடியிலிருந்தே மலையாளம் எழுதிப் பழகிவிட்டு ஐந்தாவதில் எங்களிடம் வந்து சேர்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ் எழுத்து உருண்டையாக விழும். 'ட'வின் மூலைகூட வளைந்திருக்கும். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது.